மேலே வந்தபின் 15 வினாடி

தண்ணீருக்கடியில் ஒரு காட்சி என்று யாராவது படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், எங்கள் ஒலிக்கூடத்தில் கை தானாக இரண்டு கோப்புகளைத் தேடிப் போகும். ஒன்று 'களக் களக்' என்று குமிழி. மற்றது இதயத் துடிப்பு. படங்களுக்குச் சத்தம் சேர்ப்பதுதான் 20 வருடமாக என் பிழைப்பு. இந்த இரண்டையும் எத்தனை காட்சியில் ஒட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இரண்டு வருடம் முன்பு ஃப்ரீடைவிங் (காற்று உருளை இல்லாமல், ஒரே மூச்சில் ஆழத்துக்கு இறங்குவது) அடிப்படை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாளே தெரிந்துபோயிற்று, இரண்டும் பொய். முதுகில் காற்று உருளை கட்டியவர்கள்தான் குமிழி விட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரே மூச்சை வைத்துக்கொண்டு இறங்குகிறவர் அதை வழியில் ஏன் செலவழிக்கப் போகிறார்? இதயமும் அப்படித்தான். முகம் குளிர்ந்த நீரில் பட்டதும் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சீலுக்கும் திமிங்கலத்துக்கும் இருக்கிற அதே உடல் பழக்கம் நமக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆகவே ஒரு படத்தில் ஆழம் கூடக்கூட 'லப் டப்' வேகமாக அடித்தால், அந்த இடத்தில் என்னைப் போன்ற ஒருத்தி பழைய கோப்பை எடுத்துப் போட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

என் சொந்தச் சாதனை 12 மீட்டர். அதற்குமேல் வலது காது திறக்கவில்லை. மூக்கைப் பிடித்து ஊதி ஊதிப் பார்த்தேன். காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல வலித்தது. இறங்குவதற்கு வழிகாட்டத் தொங்கவிட்டிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இந்த லட்சணத்தில் 100 மீட்டர் போனவர்களின் படங்களுக்கு மார்க் போட வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: ஆழம் பயமுறுத்தும், ஆனால் ஆளை மயக்கமாக்குவது பெரும்பாலும் கடைசிப் பத்து மீட்டர். 10 மீட்டரில் உடம்பின்மேல் உள்ள அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கிருந்து மேலே வருவதற்குள் அது பாதியாகிவிடும். நுரையீரல் விரியும், அதிலுள்ள ஆக்சிஜனின் அழுத்தம் சட்டென்று விழும். கீழே தெளிவாக இருந்தவர் வெளிச்சம் தெரிகிற தூரத்தில் விளக்கணைந்த மாதிரி போய்விடுவார். சில சமயம் தலை வெளியே வந்து, மூச்சு இழுத்த பிறகும்கூட. அதனால்தான் பல போட்டிகளில் ஒரு விதி இருக்கிறது. மேலே வந்ததும் 15 வினாடிக்குள் முகத்தில் இருப்பதைக் கழற்ற வேண்டும், கையால் ஓகே காட்ட வேண்டும், வாயால் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். வரிசை மாறக்கூடாது. எத்தனை மீட்டர் போய்வந்திருந்தாலும் இதில் தடுமாறினால் செல்லாது.

அதற்கப்புறம் இந்தவகைப் படம் எது பார்த்தாலும் நான் கவனிப்பது ஒன்றைத்தான். ஆள் மேலே வந்தபிறகு கேமரா எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறது?

லூக் பெஸ்ஸோனின் 'தி பிக் ப்ளூ' (1988) நிற்பதே இல்லை. எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்குவார்கள், நானும் அப்படியே. ழாக் மயோல், என்ஸோ மயோர்கா என்ற இரண்டு உண்மையான வீரர்களின் போட்டியை எடுத்துக் கற்பனையில் ஊறவைத்த கதை. ழான்-மார்க் பார் மயோலாக வருகிறார். என்ஸோவாக வரும் ழான் ரெனோவுக்காக மட்டுமே படத்தைப் பார்க்கலாம். இரண்டு பேரும் கோட்டு சூட்டோடு நீச்சல்குளத்தின் அடியில் உட்கார்ந்து, யார் முதலில் எழுகிறார் பார்க்கலாம் என்று ஷாம்பெயின் ஊற்றிக்கொள்ளும் காட்சி ஒன்று போதும். எரிக் செரா இசையைப் பற்றி என் தொழிலில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த இசைதான் படத்தின் மயக்க மருந்தும். கடலுக்குள் போவதை வீட்டுக்குப் போவது போலவும், மேலே வருவதைத் தண்டனை போலவும் அது நம்மை நம்பவைத்துவிடுகிறது. கரையில் காத்திருக்கிற பெண்ணுக்கு (ரோஸன்னா ஆர்கெட்) காத்திருப்பதைத் தவிர வேறு வேலையே தரவில்லை. கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு இருபது வயதில் அழுதேன். இப்போது கோபம்தான் வருகிறது. நீள வடிவம் 168 நிமிடம். அழுவதற்கும் கோபப்படுவதற்கும் நேரம் நிறையவே இருக்கிறது.

படத்தில் என்ஸோ இறந்துபோவார். உண்மையான மயோர்காவோ 2016 வரை இருந்தார். தன்னைக் காட்டியிருந்த விதம் பிடிக்காமல் அவர் எதிர்த்ததால், படம் இத்தாலியில் 2002 வரை வெளிவரவில்லை. அவர் பக்கம் எனக்கு முழு அனுதாபம் உண்டு.

பார்த்த சூட்டோடு 'டால்ஃபின் மேன்' (2017) ஆவணப்படத்தையும் பார்த்துவிடுங்கள். மயோல் 1976இல் எல்பா தீவருகே 100 மீட்டரைத் தொட்ட முதல் ஆள். அப்போது அவருக்கு வயது 49. பின்னணிக் குரல் யார் என்கிறீர்கள்? அதே ழான்-மார்க் பார். இளமையில் அவராக நடித்தவர், வயதான குரலில் அவரைப் பற்றியே பேசுகிறார். இந்த ஒரு யோசனைக்காகவே இயக்குநருக்குக் கைகொடுக்கலாம். பெஸ்ஸோனின் படம் விட்டுவிட்ட மனிதர் இதில் இருக்கிறார்: ஊர் ஊராக ஓடுகிறவர், பிள்ளைகளோடு ஒட்டாதவர், 2001இல் எல்பாவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். படம் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொள்கிறது. இன்னும் சில கேள்விகளைக் கேட்டிருக்கலாம்.

சரி, 'தி டீப்பஸ்ட் ப்ரெத்' (2023). நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது, லாரா மெக்கான் இயக்கியது. என்னோடு அம்மாவும் உட்கார்ந்து பார்த்த படம். இத்தாலியின் அலெஸ்ஸியா ஸெக்கினி சாதனை வீராங்கனை. அயர்லாந்தின் ஸ்டீஃபன் கீனன் பாதுகாப்பு டைவர், அதாவது மேலேறி வருகிறவரை நடுவழியில் எதிர்கொண்டு கூடவே வருகிறவர். பஹாமாஸில் 200 மீட்டருக்குமேல் ஆழமான டீன்ஸ் ப்ளூ ஹோல் (கடலுக்குள் கிணறு போல இறங்கும் பெரிய குழி), எகிப்தின் டஹாபில் இன்னொரு ப்ளூ ஹோல், அதற்குள் 50 மீட்டருக்கும் கீழே நீளும் ஒரு பாறை வளைவு, அதை ஒரே மூச்சில் கடக்கும் அலெஸ்ஸியாவின் திட்டம். 2017இல் நடந்தது.

மேலே வந்தபின் நடப்பதைக் காட்டுவதில் இதற்கு நிகராக ஒன்றை நான் பார்க்கவில்லை. நினைவு தப்பியவரின் தலையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், மூக்கு கிளிப்பை எடுக்கிறார்கள், கன்னத்தில் தட்டுகிறார்கள், முகத்தில் ஊதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கண் திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே ஆள் இல்லை. உதடு நீலம். பிறகு ஒரு விக்கல் மாதிரி மூச்சு. அந்த மூச்சுச் சத்தத்தை யாரும் ஒலிக்கூடத்தில் செய்யவில்லை என்பது கேட்டவுடன் தெரிகிறது. அப்படிக் கரகரப்பாக, அழகில்லாமல், நான் ஒருநாளும் செய்திருக்கமாட்டேன். அந்த இடத்தில் அம்மா என் தோளைத் தட்டி, "நீ ஏண்டி மூச்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க?" என்றாள். உண்மையிலேயே பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். (சோபாவில் செய்யலாம். தண்ணீரில் தனியாக இருக்கும்போது, அது முழங்கால் ஆழமே ஆனாலும், செய்யாதீர்கள். தொடக்க வகுப்பிலேயே மூன்று முறை சொல்லித்தந்த பாடம் இது.)

இவ்வளவு நேர்மையான படம் ஒரு இடத்தில் மட்டும் தந்திரம் செய்கிறது. டஹாபில் அன்று யாருக்கு என்ன ஆயிற்று என்பதை முடிவுவரை மறைத்து வைக்கிறது. எல்லோரும் கடந்த காலத்திலேயே பேசுகிறார்கள், யாரைப் பற்றிய துக்கம் என்று நாம் ஊகிக்க வேண்டும். செய்தித்தாளில் வந்த ஒரு மரணத்தைத் துப்பறியும் கதையாக்குவது எனக்கு உறுத்தியது. அம்மாவுக்கு உறுத்தவில்லை. "சொல்லியிருந்தா நான் பாதியிலயே எழுந்து போயிருப்பேன்" என்றாள். அதுவும் நியாயம்தான். அதனால் நானும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்த நாளின் முடிவும் ஆழத்தில் தீர்மானமாகவில்லை, வெயில் அடிக்கிற மேற்பரப்பில்தான்.

2022இல் வந்த 'நோ லிமிட்' என்ற பிரெஞ்சுப் படத்தை இரண்டு வரியில் முடிக்கலாம். பிரெஞ்சு வீராங்கனை ஆட்ரி மெஸ்த்ரே 2002இல் 171 மீட்டர் முயற்சியில் இறந்த நிகழ்விலிருந்து எடுத்த கதைதான், ஆனால் படுக்கையறைக் காட்சிகளுக்குத் தந்த பொறுமையைக் கயிற்றுக்குத் தரவில்லை. மேலே தூக்கிவர வேண்டிய பலூனுக்கான உருளையில் போதிய காற்று இல்லை என்ற அந்த ஒரு பயங்கரமான விவரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள, 2013இல் ஈஎஸ்பிஎன் எடுத்த 'நோ லிமிட்ஸ்' ஆவணப்படத்தைப் பாருங்கள். இதயத் துடிப்புக் கோப்பு எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணுவதற்காக 'நோ லிமிட்'டை இன்னொரு முறை பார்ப்பேனோ என்னவோ.

பிரெஞ்சு ஃப்ரீடைவர் கியோம் நெரியின் குறும்படங்கள் வேறு ஜாதி. 'ஃப்ரீ ஃபால்' (2010): டீன்ஸ் ப்ளூ ஹோலின் விளிம்பில் நின்று, மலையுச்சியிலிருந்து குதிப்பவர் போலக் கைகளை விரித்து இருட்டுக்குள் விழுகிறார். ஒரே முக்குளிப்பில் எடுத்தது அல்ல, ஒட்டிச் சேர்த்தது. அதை அவர்களே மறைக்கவில்லை. ஆனால் விழுவது பொய்யல்ல. ஓரளவு ஆழத்துக்குக் கீழே நுரையீரல் சுருங்கி, உடம்பு நீரைவிடக் கனமாகிவிடும். காலை அசைக்காமலே இறங்கிக்கொண்டிருக்கலாம். கேமராவைப் பிடித்த ஜூலி கோத்தியேயும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுத்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு அவர்மேல்தான் பிரமிப்பு. இருவரும் சேர்ந்து 2019இல் எடுத்த 'ஒன் ப்ரெத் அரவுண்ட் த வேர்ல்ட்' படத்தில் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் செங்குத்தாக நின்றபடி தூங்கும். தூக்கம் கலையாமல் அருகே போகிறார்கள். குமிழி இல்லையே, அதுதான் காரணம்!

2015இல் இதே நெரிக்கு ஒரு போட்டியில் கயிற்றைத் தவறாக அளந்துவிட்டார்கள். 129 மீட்டர் என்று நினைத்து 139 மீட்டர் போய், மேலேறும்போது நினைவு தப்பினார். பிழைத்தார், போட்டிகளை விட்டார். அழகான படங்களுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தால், இசை கொஞ்சம் வேறுமாதிரி கேட்கும்.

'ஹோல்ட் யுவர் ப்ரெத்: தி ஐஸ் டைவ்' (2022) சின்னப் படம், 40 நிமிடம். ஃபின்லாந்தின் யோஹானா நோர்ட்பிளாட், வெறும் நீச்சலுடையோடு, உறைந்த ஏரியின் பனிக்கு அடியில் 103 மீட்டர் நீந்துகிறார். கீழே போவதல்ல, பக்கவாட்டில் போவது. மேற்பரப்பு தலைக்குமேலேயே இருக்கிறது, ஆனால் அது மூடியிருக்கிறது. என் 15 வினாடிக் கேள்வியை இது தலைகீழாகத் திருப்பிப்போட்டுவிட்டது. பனிக்கு மேலே நிற்கும் சகோதரிக்கும் அவருக்கும் இடையிலான பாசம்தான் படத்தின் உயிர்.

கடைசியாக வைத்திருப்பது 'தி லாஸ்ட் ஆஃப் த ஸீ விமன்' (2024, ஆப்பிள் டிவி). தென்கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ என்ற பெண்கள், ஒரே மூச்சில் இறங்கிச் சிப்பியும் கடல்பாசியும் எடுத்துப் பிழைப்பவர்கள். பலருக்கு வயது 60, 70, அதற்குமேலும். சாதனை, கயிறு, நடுவர் அட்டை எதுவும் கிடையாது. வேலை. ஒரு முறை இறங்கிவந்தால் முடிந்தது என்றும் இல்லை, மிதவையைப் பிடித்துக்கொண்டு அடுத்த முறைக்குத் தயாராக வேண்டும். படத்தின் பிற்பகுதி ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைக் கழிவுநீருக்கு எதிரான போராட்டத்துக்குள் போகும்போது நடை மாறிவிடுகிறது. எனக்கு அது கொஞ்சம் அவசரமாகப் பட்டது. பாட்டிகள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் காட்சிகளில் இன்னும் பத்து நிமிடம் இருந்திருக்கலாம்.

ஆனால் அந்தச் சத்தம்! மேலே வந்ததும் அவர்கள் உதட்டைக் குவித்து, தேங்கிய மூச்சை விசில் போல விடுகிறார்கள். 'ஸும்பிஸோரி' என்று அதற்குப் பேரே இருக்கிறது. ஒருத்தியுடையது போல இன்னொருத்தியுடையது இல்லை. ஒன்று பறவை மாதிரி, ஒன்று பழைய கதவு மாதிரி. மூடுபனியில் தலை தெரியாவிட்டாலும் யார் வந்துவிட்டார், யார் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. ஒரு காட்சியை ஆறு முறை திருப்பிப் போட்டேன். ஒலிப்பதிவாளர் எங்கே மைக் வைத்திருப்பார், படகிலா மிதவையிலா என்று இன்னும் பிடிபடவில்லை.

'ப்ரீதிங் அண்டர்வாட்டர்' (2016) என்ற இன்னொரு படமும் இவர்களைப் பற்றியதுதான். ஜேஜுவை ஒட்டிய ஊதோ தீவில் பல ஆண்டுகள் தங்கி எடுத்தது. 'முல்ஸும்' என்ற சொல்லை அதில்தான் கற்றேன். நீர்மூச்சு. இன்னும் ஒரே ஒரு சிப்பி என்று ஆசைப்பட்டு, மேலே வர வேண்டிய நேரத்தைத் தாண்டியவர் தண்ணீருக்குள்ளேயே இழுத்துவிடும் மூச்சு.

இரண்டையும் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பாருங்கள். டிவி ஸ்பீக்கரில் அந்த விசில் பாதிதான் வருகிறது, அலைச்சத்தம் தின்றுவிடுகிறது.