நோயுள்ளவர் குடும்பத்தில் இருந்தால்: கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசா விதிகள்

வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகச் செயலிழப்போ ஆட்டிசமோ இருக்கும்போது நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க எண்ணுபவர்கள், தகுதிப் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பதற்கு முன்பே மருத்துவ விதிகளைப் படித்துவிடுவது நல்லது. சேர்ந்து விண்ணப்பிக்கும் குடும்பத்தில் ஒருவர் மருத்துவத் தகுதி பெறாவிட்டால், இம்மூன்று நாடுகளிலும் பொதுவாக எல்லோருடைய விண்ணப்பமும் நிராகரிக்கப்படுகிறது.

மூன்று நாடுகளும், விண்ணப்பதாரரால் அரசுக்கு ஆகக்கூடிய சிகிச்சைச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. 2025-இல் கனடாவின் வரம்பு ஐந்தாண்டுகளுக்கு 1,35,810 கனடிய டாலர். ஆஸ்திரேலியா 51,000 டாலராக இருந்த வரம்பை 2024 ஜூலையில் 86,000 ஆக உயர்த்தியது. நியூசிலாந்து 2022 செப்டம்பரில் 41,000 டாலரை 81,000 ஆக்கியது. ஆனால் ஆஸ்திரேலியாவில், நிரந்தரமானதும் போக்கை முன்கணிக்கக் கூடியதுமான நோய் என்றால் பத்தாண்டுச் செலவு வரை கூட்டி அதே 86,000-உடன் ஒப்பிடுவார்கள். ஆண்டுக்கு 8,600 டாலரைத் தாண்டினாலே சிக்கல் என்பதுதான் இதன் பொருள்.

தொகையைவிட முக்கியமானது, எதையெல்லாம் செலவாகக் கணக்கிடுகிறார்கள் என்பது. கனடா 2018-இல் வரம்பை மூன்று மடங்காக்கியதோடு, சிறப்புக் கல்வி, மறுவாழ்வுப் பயிற்சி போன்ற சமூகச் சேவைகளைக் கணக்கிலிருந்தே நீக்கியது. குழந்தைக்கு மருந்து அதிகம் தேவைப்படாமல் பள்ளியில் மட்டும் கூடுதல் உதவி தேவைப்படும் குடும்பங்களுக்கு, என் மதிப்பீட்டில், இதைவிடப் பெரிய நிவாரணம் வேறில்லை. நியூசிலாந்திலோ, தொடர் சிறப்புக் கல்வி நிதிக்குத் தகுதிபெறக் கூடிய குழந்தை அந்த ஒரு காரணத்தாலேயே மருத்துவத் தகுதியை இழக்கலாம். ஆஸ்திரேலிய விதி வேறு வகையில் கடுமையானது: ஒரு சேவையை விண்ணப்பதாரர் உண்மையில் பயன்படுத்துவாரா என்று பாராமல், அதே நோய் அதே தீவிரத்தில் உள்ள எவருக்கும் ஆகக்கூடிய செலவையே அது அளக்கிறது. பெற்றோர் தாமே பார்த்துக்கொள்வதாக உறுதியளித்தாலும் கணக்கு மாறாது. 2008-இல் விக்டோரியா மாநிலத்தின் ஹார்ஷம் ஊரில், மருத்துவர் பற்றாக்குறையைத் தீர்க்க வந்த ஜெர்மானிய மருத்துவரின் நிரந்தர விசா, மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்ததால் மறுக்கப்பட்டது. குடிவரவு அமைச்சர் தலையிட்ட பின்னரே கிடைத்தது. கனடாவின் உச்ச நீதிமன்றமோ 2005-இலேயே, ஒவ்வொரு குடும்பத்தின் உண்மை நிலையையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தது.

விலக்குகளிலும் வேறுபாடு உண்டு. கனடாவில் ஸ்பான்சர் செய்யப்படும் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் குழந்தைகள் ஆகியோருக்கும் அகதிகளுக்கும் இச்செலவு வரம்பு பொருந்தாது; பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் பொருந்தும். ஊரிலிருந்து வயதான பெற்றோரை அழைக்க நினைக்கும் ஸ்கார்பரோத் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் 189 திறன் விசாவுக்கு மருத்துவத் தளர்வே கிடையாது; 482 வேலை விசாவுக்கும் துணைவர் விசாவுக்கும் தளர்வு கோரலாம். நியூசிலாந்திலும் தளர்வு உண்டு, ஆனால் டயாலிசிஸ் தேவைப்படுபவருக்கு இல்லை.

ஆகவே மாற்றுத்திறனாளிக் குழந்தையுள்ள குடும்பம் கனடாவை முதலில் முயல்வதே சரி. ஆஸ்திரேலியாதான் வேண்டுமென்றால், தளர்வுக்கு இடமுள்ள விசா வகையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எந்த நாடானாலும் நோயை மறைக்கக் கூடாது. பொய்த் தகவல் தந்தால் கனடாவில் ஐந்தாண்டுத் தடை விழும். செலவு வரம்பைத் தாண்டும் என்று கருதினால் கனடிய அதிகாரிகள் முதலில் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவார்கள். பதிலளிக்க 90 நாள் அவகாசம் உண்டு. சிறப்பு மருத்துவரின் அறிக்கையையும் செலவை ஈடுகட்டும் திட்டத்தையும் அதற்குள் சேர்த்து அனுப்ப வேண்டும்.