எத்தனை கிராம், எந்த ஊர்: நான்கு நாட்டுப் போதைப்பொருள் சட்டங்கள்

ஒரு பையில் 1,200 கிராம் கஞ்சா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சென்னையில் பிடிபட்டால் ஒரு தண்டனை, மலேசியாவின் ஜோகூர் பாருவில் பிடிபட்டால் வேறு தண்டனை, பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குள் போய்விட்டால் உயிரே போகும். வேலைக்கும் படிப்புக்கும் நம் ஆட்கள் இந்த ஊர்களுக்கிடையே போய்வந்துகொண்டே இருக்கிறார்கள், "இதை அங்க ஒருத்தர்கிட்ட கொடுத்துடு தம்பி" என்று பைகளும் கைமாறுகின்றன. அதனால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவின் போதைப்பொருள் சட்டமான என்டிபிஎஸ் சட்டத்தில் (1985) மூன்று படிகள். கஞ்சா ஒரு கிலோ வரை சிறு அளவு: அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20, அபராதமே ஒரு லட்சத்தில்தான் ஆரம்பிக்கும். நடுவில் மாட்டினால் 10 ஆண்டு வரை போகலாம், ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை, நீதிபதி ஆளையும் சூழலையும் பார்த்துக் குறைக்கலாம். நம்முடைய 1,200 கிராம் இந்த நடுப்படியில்தான் வரும். வணிக அளவு என்றால் ஜாமீனும் லேசில் கிடைக்காது, இவர் குற்றவாளி இல்லை என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும் என்கிறது 37ஆவது பிரிவு. 21 கிலோ மூட்டை வழக்குகளில் எடையைப் பற்றியே அவ்வளவு வாக்குவாதம் நடப்பது இதனால்தான். சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் நுனி. அந்த நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கணக்கில் வராது. மூட்டையை அப்படியே தராசில் வைத்தார்களா, பிரித்து நிறுத்தார்களா என்று வக்கீல் துருவித் துருவிக் கேட்பார், கேட்கத்தான் வேண்டும்.

சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினாலோ நாட்டுக்குள் கொண்டுவந்தாலோ தூக்கு. 15 கிராமைத் தாண்டினாலே விற்கத்தான் வைத்திருந்தீர்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், சொந்த உபயோகத்துக்கு என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2013 முதல் ஒரு சின்ன வாசல் உண்டு: வெறுமனே சுமந்து வந்தவர் என்று நிரூபித்து, அரசுத் தரப்பும் 'உருப்படியாக உதவினார்' என்று சான்றிதழ் கொடுத்தால், ஆயுள் சிறையும் பிரம்படியும் விதித்து நீதிபதி அவரை உயிரோடு விடலாம். அந்தச் சான்றிதழ் வழக்கு நடத்துபவர் கையிலேயே இருப்பது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம். 2023 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட தங்கராஜு சுப்பையா 1,017.9 கிராம் கஞ்சாவைக் கையால் தொட்டதாகக்கூட வழக்கு இல்லை. இரண்டு தொலைபேசி எண்கள் அவருடையவை, அவற்றின் வழியே கடத்தலுக்கு உடந்தையாக இருந்தார் என்பதுதான் குற்றச்சாட்டு.

மலேசியாவில் 200 கிராம் கஞ்சா இருந்தாலே கடத்தல் என்ற அனுமானம் வந்துவிடும், சிங்கப்பூரில் தூக்குக்கான 500 கிராமோடு ஒப்பிட்டால் இந்த எண் அதைவிடக் கடுமை மாதிரி தெரியும். ஆனால் 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனையை நீக்கிவிட்டார்கள். இப்போது தூக்கா, ஆயுள் சிறையும் குறைந்தது 12 ரோத்தானுமா (பிரம்படி) என்று நீதிபதியே முடிவு செய்யலாம். இதுவும் பயங்கரமான தண்டனைதான், இருந்தாலும் ஆளின் கதையைக் கேட்க ஒரு இடம் இருக்கிறது.

சரி, ஹெராயினுக்கு வருவோம். இந்தியாவில் 5 கிராம் வரை சிறு அளவு, 250 கிராமுக்கு மேல் வணிக அளவு. சிங்கப்பூரில் 15 கிராமைத் தாண்டினால் தூக்கு. இலங்கையில் 2 கிராமுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை, 1976க்குப் பிறகு அங்கே யாரையும் தூக்கிலிட்டதில்லை என்றாலும் தீர்ப்பு என்னவோ எழுதப்படுகிறது. ஆனால் இந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். சிங்கப்பூரின் 15 கிராம் என்பது சுத்தமான ஹெராயின். இந்தியாவில் 2020ல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கலந்திருக்கும் மாவு, மாத்திரைத்தூள் எல்லாம் சேர்த்து மொத்த எடை. 300 கிராம் பொடியில் 4 சதவீதம்தான் ஹெராயின், அதாவது 12 கிராம் என்றால், அது இந்தியாவில் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு. சிங்கப்பூரில் அதையே கடத்தினால் தூக்கு இல்லை, 20 ஆண்டில் தொடங்கும் சிறையும் 15 பிரம்படியும். 3 கிராம் இப்படியும் அப்படியும் ஆனால் ஓர் உயிர். சிங்கப்பூரில் பிடிபட்ட மலேசியர் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின் இருந்தது. அவருடைய ஐக்யூ 69 என்று ஒரு மருத்துவர் அளந்து சொன்னதும் அவரைக் காப்பாற்றவில்லை. 2022 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள்.

இந்தியச் சட்டத்தின் மூன்று படிகள் இருப்பதில் நியாயமானவை என்பேன், ஆனால் கலப்படத்தையும் சேர்த்து நிறுக்கும்போது தெருவில் கடைசியாக மட்டச் சரக்கு விற்கும் பையன் மேல்படியில் போய் நிற்கிறான். பழக்கத்திலிருந்து மீள விரும்புகிறவர்களுக்கு 64ஏ பிரிவு இருக்கிறது: சிறு அளவு வழக்கிலோ உபயோகித்த வழக்கிலோ மாட்டியவர் தானாக முன்வந்து அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். வீட்டில் யாராவது அப்படி மாட்டியிருந்தால் வக்கீலிடம் முதல் நாளே இதைப் பற்றிப் பேசிவிடுங்கள்.