அலுவலகத்துக்கு ஒரு இணையதளமா, எல்லோருக்கும் ஒரே தளமா?

சேலம் மாவட்டத்தில் சில அரசு சார்ந்த அலுவலகங்களின் இணையதளங்களைப் பராமரிப்பது ஒப்பந்தக்காரர்களான எங்கள் வேலை. அவற்றைப் புதிதாகக் கட்ட வேண்டிய நேரம் வந்தபோது மூன்று வழிகள் இருந்தன. அலுவலகத்துக்கு அலுவலகம் தனித் தளம். அரசு அலுவலகங்களுக்கு ஆயத்த இணையதளம் தரும், தேசிய தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் சேவை. ட்ருப்பல் என்ற இணையதள மென்பொருளில் ஒரே நிரலை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பொதுத் தளம். மூன்றாவதை எடுத்தோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு.

செலவை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இணையதளம் கட்டப் பயன்படும் வேர்ட்பிரஸ், ட்ருப்பல் இரண்டுமே ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வருபவை, உரிமக் கட்டணம் கிடையாது. தமிழும் பிரச்சினை இல்லை. ட்ருப்பலின் 8-ஆம் பதிப்பு முதல் பன்மொழி வசதி உள்ளேயே இருக்கிறது. வானவில் எழுத்துருவில் அடித்து வைத்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் பாடு எந்த வழியில் போனாலும் உண்டு.

எஸ்3வாஸ் நல்ல சேவை. மாவட்ட நிர்வாகத்தின் சேலம் தளமே அதில்தான் ஓடுகிறது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளுக்கு ஏற்ற பக்க வார்ப்புருக்கள் தயாராகக் கிடைக்கும், சர்வர் கவலை நமக்கு இல்லை. அறிவிப்பு, டெண்டர், தொடர்பு எண்கள், படங்கள், இவ்வளவுதான் தேவை என்றால் யோசிக்காமல் அதற்கே போங்கள். எங்கள் அலுவலகங்களுக்குச் சொந்தப் படிவங்களும், ஒருவர் தரவை மற்றவர் எடுத்துக் காட்டும் வசதியும் வேண்டியிருந்தன. அதனால்தான் வேறு வழி தேடினோம்.

இனி உண்மையான போட்டி தனித் தளத்துக்கும் பொதுத் தளத்துக்கும்தான். இதைத் தீர்மானிப்பது பராமரிப்பு ஒன்றுதான். 2014 அக்டோபர் 15 அன்று ட்ருப்பல் 7-இல் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டுவிட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று ட்ருப்பலின் பாதுகாப்புக் குழு பிறகு எச்சரித்தது. இந்திய நேரப்படி அந்த ஏழு மணி நேரம் இரவு 9.30-க்குத் தொடங்கி விடியற்காலை 4.30-க்கு முடிகிறது. அந்த நேரத்தில் எந்த அலுவலகத்தில் யார் இருப்பார்கள்? தனித்தனி ஒப்பந்தக்காரர், தனித்தனி சர்வர், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகி புதுப்பிப்புக்கான கோப்பு எங்கோ மேசையில். ஒரு தளம் தப்பும், பக்கத்துத் தளம் விழும். நிரல் ஒன்றாக இருந்தால் ஒருவர் விழித்திருந்தால் போதும். ஒரு அப்டேட் எல்லோருக்கும் போய்ச் சேரும். ட்ருப்பல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-உடன் நின்றபோதும் இதே கதைதான். தனியாக இருப்பவர் ஒவ்வொருவரும் புதிய பதிப்புக்கு மாறத் தனியாகக் காசு தேட வேண்டும்.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது ஆஸ்திரேலியா. அங்கே 2015-இல் தொடங்கிய கவ்சிஎம்எஸ் ட்ருப்பலில் அமைந்த பொதுத் தளம். கூட்டாட்சி அரசின் பல துறைகள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. எல்லோருக்கும் பொதுவாக ஓட்டித் தரப்படும் அதன் சேவையில் துறைகள் தோற்றத்தை மாற்றிக்கொள்ளலாம், சொந்த மாட்யூல், அதாவது கூடுதல் வசதிக்கான நிரல்துண்டு, சேர்க்க முடியாது. நான் முதலில் சொன்ன நிபந்தனை இதுதான். "எங்களுக்கு மட்டும் இந்த ஒரு மாட்யூல்" என்று ஒரு அலுவலகத்துக்கு வளைந்துகொடுத்தால், அடுத்த அலுவலகமும் கேட்கும். சில மாதங்களில் பொதுத் தளம் என்பது பெயரில் மட்டும் இருக்கும். தேவை நியாயமானதா, அதை எல்லோருக்கும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் மறுத்துவிடுங்கள், கேட்பவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி.

இங்கிலாந்தின் லோக்கல்கவ் ட்ருப்பல் நடுவழி. உள்ளாட்சி மன்றங்கள் சேர்ந்து பொது நிரலை வளர்க்கின்றன, நிறுவுவதும் ஓட்டுவதும் அவரவர் பொறுப்பு. சொந்தமாகத் தொழில்நுட்ப ஆட்கள் உள்ள மன்றங்களுக்கு அது பொருந்தும். நம் பக்கத்து அலுவலகங்களில் அப்படி ஒரு ஆள் இருப்பதே அபூர்வம்.

பொதுத் தளத்தின் இன்னொரு பலனை ஏற்காடு கோடை விழாவை நினைத்தால் புரிந்துகொள்ளலாம். மலர்க்காட்சி தோட்டக்கலைத் துறை, பேருந்து போக்குவரத்துக் கழகம், மலைப்பாதை போக்குவரத்து மாற்றம் காவல்துறை. குப்பனூர் வழியாக இறங்கச் சொல்லும் அறிவிப்பு ஒரு தளத்தில் மட்டும் இருந்து, இன்னொன்றில் போன வருட விவரமே தொங்கினால் அலைக்கழிவது குழந்தைகளோடு காரில் வரும் குடும்பம். பொதுத் தளத்தில் ஒருவர் தரவை மற்றவர் எடுத்துக் காட்டும் வசதியை ஒருமுறை அமைத்துவிட்டால், ஒருவர் பதித்தது மற்ற பக்கங்களிலும் தானே மாறும்.

சிக்கலே இல்லையா என்றால், இருக்கிறது. ஒரே நிரல் என்பதால் கோளாறான ஒரு அப்டேட் எல்லாத் தளத்தையும் சேர்த்து வீழ்த்தலாம். அதனால் எந்த அப்டேட்டையும் முதலில் சோதனைப் பிரதியில் ஓட்டிப் பார்க்கிறோம், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் டேட்டாபேஸைத் தனியாக வைத்திருக்கிறோம். எங்களுடையது சிறிய அளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாநிலம் முழுக்க நூறு தளங்களை இப்படி ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் அனுபவம் சாட்சி ஆகாது.

அப்புறம், ஒப்பந்தம் எழுதும்போது இரண்டு வரிகளைக் கட்டாயம் சேருங்கள். நிரலைச் சேமித்து வைக்கும் களஞ்சியத்தின் உரிமையும் கடவுச்சொற்களும் அலுவலகங்களின் பெயரிலேயே இருக்க வேண்டும், எங்களைப் போன்ற ஒப்பந்தக்காரர் பெயரில் அல்ல. எந்த அலுவலகமும் விலக நினைத்தால் தன் டேட்டாபேஸையும் கோப்புகளையும் முப்பது நாளுக்குள் கட்டணமின்றி வாங்கிக்கொண்டு போக முடிய வேண்டும்.