ஓடை நீரைக் கண்காணிக்க: பாட்டிலா, சென்சாரா?

ஏரி முழுக்கப் பச்சைப் பாசி. அழுக்கு எந்த ஓடை வழியாக வருகிறது? நீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவதா, ஓடையிலேயே சென்சார் பொருத்துவதா?

செலவு: பாட்டிலுக்கு மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம். சென்சாருக்கு முதலிலேயே பெரிய தொகை.

எதை அளக்கும்: பாசிக்குத் தீனியான பாஸ்பரஸை அளக்க ஆய்வகம்தான் சரி. சாதாரண சென்சார் காட்டுவது வெப்பநிலை, பிஎச் (அமிலமா காரமா என்ற அளவு), கரைந்த ஆக்சிஜன், கடத்துதிறன் (நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பது), கலங்கல்.

நேரம்: இங்கேதான் சென்சார் ஜெயிக்கிறது. பல ஓடைகளில் பாஸ்பரஸின் பெரும்பங்கு மழை வெள்ளத்தில், மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கலங்கலை சென்சார் காட்டிவிடும். நடுராத்திரி மழையில் பாட்டிலோடு யார் போய் நிற்பது? விடியலுக்கு முன் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்குவதும் மத்தியானம் பிடித்த நீரில் தெரியாது.

பராமரிப்பு: பாட்டிலுக்கு ஐஸ் பெட்டி, உடனே ஆய்வகம். சென்சார் முனையிலோ சில வாரங்களிலேயே வழவழவென்று படலம் படியும். துடைக்காவிட்டால் காட்டுவதெல்லாம் பொய்க்கணக்கு.

ஐந்தாறு ஓடைகளில் குற்றவாளி எது என்று தேடுபவருக்குப் பாட்டில். அதைக் கண்டுபிடித்த பிறகு, கழிவை எந்த நேரத்தில் திறந்துவிடுகிறார்கள் என்று பிடிக்க சென்சார். எதுவானாலும் நீரோட்டத்தையும் அளந்துவிடுங்கள். அது இல்லாமல் ஏரிக்குள் எத்தனை கிலோ பாஸ்பரஸ் போகிறது என்று கணக்கிடவே முடியாது.