டேகேரில் குழந்தை எப்படித் தூங்குகிறது என்று மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்

திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கைக்குழந்தையை டேகேரில் விடப் போகிறவர்கள், ஏற்கனவே விட்டிருப்பவர்கள், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் இதைப் படித்துவிடுங்கள். என் மகளுக்கு எதுவும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதியிலேயே போன் வரும்.

நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறேன். 2017-ல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து பிரசவ விடுப்பு 26 வாரம். கடைசி இரண்டு வாரம் வரை வேலைக்குப் போனதால், திரும்பச் சேரும்போது பாப்பாவுக்கு ஐந்தரை மாதம். அதே சட்டத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் மொத்தமே 18 பேர். மாமியாருக்கு முட்டிவலி, அம்மா திண்டிவனத்தில். ஆக, தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் கீழ்தளத்தில் நடக்கிற டேகேர்.

பார்க்கப் போன அன்று அந்த மேடம் ஓர் அறையைத் திறந்து காட்டினார். வெள்ளைப் பெயின்ட் அடித்த ஐந்து மரக் கட்டில்கள், சுற்றிக் கம்பி வைத்தது, உள்ளே சமமான மெத்தை, இழுத்துச் செருகிய விரிப்பு, வேறு ஒன்றுமே இல்லை. பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. பாலை எதில் சூடு பண்ணுவீர்கள், கேமரா இருக்கிறதா, டயபர் எத்தனை மணிக்கொரு முறை மாற்றுவீர்கள் என்றெல்லாம் கேட்டேன். எப்படித் தூங்க வைப்பீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அதுதான் கட்டில் இருக்கிறதே! சேர்க்கைக் கட்டணம் 3,000, அட்வான்ஸ் 6,500, மாதம் 6,500. கையால் எழுதிய ஒரு ரசீது, அவ்வளவுதான்.

முதல் மூன்று வாரம் எந்தப் புகாரும் இல்லை. தினமும் காலை 11 மணிக்கு வாட்ஸப்பில் போட்டோ வரும், பாப்பா கிலுகிலுப்பையோடு சிரித்துக்கொண்டிருப்பாள். மதியத்துக்கு மேல் போட்டோ வராது, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சாயங்காலம் கூட்டி வந்தால் சோர்ந்து கிடப்பாள், ஆறரைக்கே தூங்கிவிடுவாள். நல்லா பழகிட்டா என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

அப்புறம் ஒரு நாள் கனமழை எச்சரிக்கை, ஆபீஸை ஒரு மணிக்கே மூடிவிட்டார்கள். மண்ணடியில் மெட்ரோ ஏறி தேரடியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, இரண்டு பத்துக்குப் போய் நின்றேன். தெருவில் கரண்ட் இல்லை. ஆயாம்மா கதவைப் பாதி திறந்து, "இன்னாக்கா இந்நேரத்துல? புள்ளைங்க எல்லாம் தூங்கினுகீது, இப்ப உள்ள வந்தா எல்லாம் முழிச்சிக்கும்கா" என்றது. மழையில் நனைந்து நிற்கிறேன், உள்ளே விடத் தயங்குகிறதே என்று அப்போதுதான் முதல் சந்தேகம். தள்ளிக்கொண்டு போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கட்டில் அறை பூட்டிக் கிடந்தது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கட்டில்களில் ராகி மாவு டப்பா, டயபர் கட்டு, உடைந்த நடைவண்டி. குழந்தைகள் பின்பக்கத்து அறையில். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தி, கொசுவுக்குச் சுருள் கொளுத்தி வைத்திருந்தார்கள். இன்வெர்ட்டர் ஹாலுக்கு மட்டும்தானாம், கேமராவும் ஹாலுக்கு மட்டும்தான். தரையில் இரண்டு பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சேர்த்துப் போட்டு ஒன்பது குழந்தைகள், மூன்று வயதுப் பையன் முதல் என் மகள் வரை வரிசையாக. பையனின் கால் இவள் முதுகின் மேல். இவள் குப்புறக் கிடந்தாள். கைகள் இரண்டும் உள்ளே இருக்கும்படி டவலில் இறுக்கிச் சுற்றி, குப்புறப் போட்டு, கொசு கடிக்காமல் இருக்க மேலே ஒரு காட்டன் சேலை, அது முகத்துப் பக்கம் நழுவி, மூக்கு மெத்தையின் பள்ளத்தில் அழுந்தி. தூக்கினேன். தலைமுடி எல்லாம் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது, கழுத்தில் பால் துணி கட்டினபடியே. கண்ணைத் திறக்கவே ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அன்று சாயங்காலமே குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது. குப்புறப் போட்டால் குழந்தை அழாது, ஆழ்ந்து தூங்கும். ஆயாக்களுக்கு அது பிடிப்பதற்கும் ஆபத்தாக இருப்பதற்கும் ஒரே காரணம் அதுதான். விட்ட மூச்சே முகத்தைச் சுற்றித் தேங்கி, அதையே திரும்ப இழுக்கும்போது, மூச்சுத் திணறுகிறது என்று விழித்து அழ வேண்டிய குழந்தை விழிக்காமலே போய்விடலாம். மெத்து மெத்தென்ற மெத்தை, முகத்தின் மேல் துணி, அதிக சூடு, எல்லாம் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. கையைக் கட்டிவிட்டால் தலையைத் தூக்கவோ திரும்பவோ கூட வழியில்லை. புரள ஆரம்பித்த குழந்தையைத் துணியில் சுற்றவே கூடாது என்றார்.

தூக்கத்தில் காரணம் தெரியாமல் நடக்கிற சிசு மரணங்கள் அதிகம் நடப்பது இரண்டிலிருந்து நான்கு மாதத்தில், பத்தில் ஒன்பது ஆறு மாதத்துக்குள். அமெரிக்காவில் 1994-ல் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள், பத்து வருஷத்துக்குள் இந்த மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. மருந்து இல்லை, ஊசி இல்லை, படுக்க வைக்கிற பக்கத்தை மாற்றியதுதான் முக்கியக் காரணம். அதே நாட்டில் செய்த ஆய்வு ஒன்றில், இப்படி இறந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்று பிறர் பராமரிப்பில் இருந்தபோது இறந்தது, அதிலும் மூன்றில் ஒரு பங்கு சேர்த்த முதல் வாரத்திலேயே. வீட்டில் மல்லாக்கத் தூங்கிப் பழகின குழந்தையைத் திடீரென்று வேறு ஆள் குப்புறப் போடுவதுதான் எல்லாவற்றையும் விட மோசம். என் மகள் பிறந்ததிலிருந்து மல்லாக்கத் தூங்கினவள்.

மேடத்துக்குப் போன் போட்டேன். முதலில், "தானா கவுந்துக்கிச்சும்மா, புரள்ற வயசு" என்றார். கையைக் கட்டின குழந்தை எப்படி மேடம் கவிழும் என்றதும் பேச்சு மாறியது. மல்லாக்கப் போட்டால் பால் கக்கி மூச்சு அடைத்துவிடுமாம், இருபது வருஷமாகக் குழந்தை பார்க்கிறாராம், முதல் குழந்தை என்பதால் எனக்கு டென்ஷனாம். பால் கக்குகிற விஷயம் நம் வீடுகளிலும் சொல்வதுதான். டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்: மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலே, உணவுக்குழல் கீழே. கக்கின பால் கீழேயே தங்கும், மூச்சுக்குழலுக்குள் போக மேலே ஏற வேண்டும். குப்புறப் போட்டால் அப்படியே தலைகீழ். குழந்தை இரண்டு பக்கமும் தானாகப் புரளப் பழகிவிட்டால், தூக்கத்தில் அதுவாகக் கவிழ்ந்ததைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. ஆனால் படுக்க வைப்பது ஒரு வயது வரை மல்லாக்கத்தான்.

இன்னொன்று, இதை எழுதலாமா என்று யோசித்தேன். அந்த அறை அலமாரியில் பாதி காலியான சளி சிரப் பாட்டில் ஒன்று இருந்தது. யார் குழந்தைக்கு என்று பெயர் இல்லை, சீட்டு இல்லை. குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் கலந்தது. நான்கு வயதுக்குக் கீழே இந்தக் கலவையைத் தரக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டிருக்கிறது. குளோர்பெனிரமைன் தூக்கம் வரவழைக்கும். என் பாப்பாவுக்குக் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, என்னிடம் நிரூபணம் இல்லை. ஆனால் சாயங்காலம் ஆறரைக்கே தூங்கிவிடுகிற அந்தப் பழக்கம் அங்கே நிறுத்திய நான்காம் நாளே நின்றுவிட்டது, இப்போது ஒன்பதரை வரை ஆட்டம்தான். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் மட்டும் எல்லாம் ஒழுங்கு என்று பீற்றிக்கொள்ளவும் முடியாது. தலை உருண்டையாக வரும் என்று ஆன்லைனில் கடுகுத் தலையணை வாங்கி வைத்திருந்தேன். ஒரு வயது வரை தலையணையே வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்றே அது போய்விட்டது. கட்டிலைச் சுற்றிக் கட்டுகிற பஞ்சுத் தடுப்பு, பொம்மை, போர்வை எதுவுமே கூடாதாம், குளிர்ந்தால் உடுப்பைக் கூட்டிப் போடு என்கிறார். கழுத்துக் கறுப்புக் கயிறுக்கு மாமியாரோடு இரண்டு நாள் பஞ்சாயத்து, கடைசியில் இடுப்புக்கு இறங்கியது. தூளிக்குத்தான் பெரிய சண்டை. "உன் புருஷன் மூணு வருஷம் தூளியிலதான் தூங்கினான்" என்கிறார் அத்தை. உண்மைதான், ஆனால் அவர் கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே ஆட்டியிருப்பார். தூளியில் முதுகு வளைந்து முகவாய் நெஞ்சில் இடித்தால் சின்னக் குழந்தைக்கு மூச்சு வழி மடங்கிவிடும். அதனால் தூளியில் ஆட்டித் தூங்கினதும் எடுத்துச் சமமான இடத்தில் போடுவது என்று உடன்பாடு. டேகேரில் ஸ்பிரிங் தொட்டிலைக் கொக்கியில் மாட்டி ஆட்டிவிட்டு ஆயா சமையலறைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது?

ஆயாம்மாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒன்பது குழந்தைக்கு ஒரு ஆள், பாத்திரமும் அதுவே கழுவுகிறது. "மேடம்தான்கா அப்படிப் போட சொல்லும், அயுதா போன் வரும்" என்று கண் கலங்கியது. இடத்தின் பெயரைப் பொதுவில் போடாததற்கு அதன் வேலையும் ஒரு காரணம்.

அடுத்து இடம் தேடும்போது முன்கூட்டிச் சொல்லாமல் மதியம் இரண்டு மணிக்குத்தான் போனேன். நான்கு இடத்தில் இரண்டில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள், அவை அப்போதே கழிந்தன. தூங்குகிற அறையைக் காட்டச் சொன்னேன். கட்டிலில் கை வைத்து மெத்தை அமுங்குகிறதா, விரிப்பில் பால் கறை, முடி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். சந்தேகமே வராத அளவு சுத்தமாக இருந்தால் அந்தக் கட்டிலில் யாரும் தூங்கவில்லை, அவ்வளவுதான். கைக்குழந்தைகளும் ஓடி ஆடுகிற குழந்தைகளும் தனித்தனி அறையா, தூங்கும்போது ஓர் ஆள் அங்கேயே உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கொரு முறை முகத்தைப் பார்க்கிறதா, கரண்ட் போனால் அந்த அறையில் ஃபேன் ஓடுமா, இதெல்லாம் கேளுங்கள். மல்லாக்க மட்டுமே, சிரப் எதுவும் எங்களைக் கேட்காமல் கிடையாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் இப்போது விடுகிற இடத்தில் வாங்கினேன். அந்தம்மா கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் போட்டார்.

பழைய இடத்தில் அட்வான்ஸ் கேட்டதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று பதில், மறுநாள் வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்து சொன்னேன், ரசீதோடும் அன்று எடுத்த இரண்டு போட்டோவோடும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 6,500 இன்னும் வரவில்லை. மீதி எட்டுக் குழந்தைகளின் வீட்டாரில் மூன்று பேர் நம்பர்தான் என்னிடம் இருந்தது, மூவருக்கும் சொல்லிவிட்டேன். தேரடிப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே நீலக் கதவு இருக்கிற டேகேரில் உங்கள் குழந்தை இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், போட்டோவைக் காட்டுகிறேன்.