கட்ச் போகிறவர்களுக்கு: கூடார நகரமா, பன்னி கிராமமா, அஜ்ரக்பூர் பட்டறையா?

டிசம்பர் வந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது வெள்ளை உப்புப் பரப்பில் நிலா காயும் படத்தைப் போட்டு "இங்கே போகலாமா?" என்று கேட்டுவிடுவார்கள். இரண்டு முறை கட்ச் போய் வந்தவள் நான்தான் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழும். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் எங்கே தங்குவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே தங்குமிடத்தை வைத்துத்தான் யாரைச் சந்திக்கிறோம், எதைக் கற்கிறோம், நம் காசு யார் கைக்குப் போகிறது என்பதெல்லாம் அமையும்.

கட்ச் குஜராத்தின் ஒரு மாவட்டம்தான், ஆனால் பரப்பில் கேரளாவைவிடப் பெரியது. தலைநகர் புஜ். அதற்கு வடக்கே பன்னி புல்வெளி, அதையும் தாண்டினால் ரண் என்கிற உப்புப் பாலை, அதற்கு அப்பால் பாகிஸ்தானின் சிந்து மாகாணம். வெளியூர்க்காரர்களுக்கு இங்கே முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. தோர்டோவில் அரசு நடத்தும் ரண் உற்சவத்தின் கூடார நகரம், ஹோட்கா போன்ற பன்னி கிராமத்தில் தங்குவது, புஜில் அறை எடுத்துக்கொண்டு கைவினைஞர்களின் பட்டறைகளுக்குத் தினமும் போய் வருவது. மூன்றையும் நான் பார்த்துவிட்டேன்.

கூடார நகரத்தில் நல்லது நிறையவே இருக்கிறது. முதல் முறை அம்மாவையும் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு அங்கேதான் தங்கினேன். முட்டிவலிக்காரர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு வேறு எங்கேயும் தங்கியிருக்க முடியாது. வெந்நீர், சைவச் சாப்பாடு, உப்புப் பரப்புக்கு வண்டி, எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். 2005இல் தொடங்கிய இந்த உற்சவம் குளிர்கால மாதங்கள் முழுக்க நடக்கிறது. தோர்டோவை ஐ.நா.வின் சுற்றுலா அமைப்பு 2023இல் உலகின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. அங்கே போகிறவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் ரண் முழுக்கத் தண்ணீர் நிற்கும். அது வற்றினால்தான் வெள்ளை உப்பு. நவம்பர் தொடக்கத்தில் போய்ச் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் நம்பிப் போகலாம். பௌர்ணமி நாட்களில் கட்டணம் எகிறும். எல்லைப் பகுதி என்பதால் ரண்ணுக்குள் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். வழியில் பிரண்டியாராவில் மாவா இனிப்பு சுடச்சுடக் கிண்டிக் கொடுப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் அங்கே நாம் எதையும் கற்பதில்லை. கடைவீதி இருக்கிறது, மேடையில் பாட்டும் ஆட்டமும் இருக்கிறது. நாம் நாற்காலியில், அவர்கள் மேடையில், கைதட்டியதும் முடிந்துவிடும். நாங்கள் பதிவு செய்திருந்த பயண நிறுவனம் "கிராம தரிசனம்" என்று அரை மணி நேரம் ஒரு ஊருக்கு அழைத்துப் போனது. வண்டி நின்றதும் பெண்கள் பூத்தையல் துணிகளை விரித்து வரிசையாக உட்கார்ந்தார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்காமலேயே ஒரு பாட்டியின் தோள்வரை ஏறியிருந்த வளையல்களுக்கு நேராகக் கேமராவை நீட்டினார். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்னும் போகவில்லை. இரண்டாவது முறை தனியாகக் கிளம்பியதற்கு அதுதான் காரணம்.

சரி, ஹோட்காவுக்கு வருவோம். இங்கே 'ஷாம்-ஏ-சர்ஹத்' என்று ஒரு தங்குமிடம் இருக்கிறது. 'எல்லையின் மாலைப்பொழுது' என்று பொருள். மத்திய சுற்றுலா அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உதவி செய்து உருவானது, நடத்துவது ஊர்க்காரர்களின் குழு. தங்குவது 'புங்கா' எனப்படும் வட்டமான மண் வீடுகளில். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் கட்ச் முழுக்கக் கான்கிரீட் கட்டடங்கள் சரிந்தபோது இந்த வட்ட வீடுகளில் பெரும்பாலானவை நின்றன. மூலையே இல்லாத சுவர் என்பதால் அதிர்வு ஓரிடத்தில் குவிவதில்லை. உட்சுவரில் களிமண்ணால் கோலம்போல் வரிகள் போட்டு, நடுநடுவே சின்னக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருப்பார்கள். ஒரு விளக்கை ஏற்றி வைத்தால் போதும், சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்துவிடும். இரவில் கம்பு ரொட்லா, வெண்ணெய், வெல்லம், மோர். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த நமக்கு அந்த வாசனை வேற்றூர் வாசனையாகவே தெரியாது.

நான் ஹோட்காவில் கற்றது பெரும்பாலும் எருமையைப் பற்றி. பன்னி எருமைகள் இரவில் மேயும். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிட்டால் தாமாகவே புல்வெளிக்குப் போய்விட்டு, விடிந்ததும் கறவைக்கு வீடு திரும்பிவிடும். விடியற்காலையில் மூடுபனிக்குள்ளிருந்து முதலில் மூச்சுச் சத்தம் கேட்டது, அப்புறம் கொம்பு தெரிந்தது, அப்புறம்தான் மாடு. கூட வந்த மாலதாரிப் பெரியவர் (மேய்ச்சல்காரர்களுக்கு அங்கே மாலதாரி என்றுதான் பெயர்) ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். புல்வெளியில் பாதிக்குப் பாதி முள்மரமாக நின்றது. பெயர் கேட்டேன். "காண்டோ பாவல்" என்றார், கிறுக்குக் கருவேலம். கிட்டப் போய்ப் பார்த்தால் நம் ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலம்! உப்பு பரவாமல் தடுக்க வனத்துறை 1960களில் நட்டது, இன்று புல்லைத் தின்றுகொண்டிருக்கிறது. அதை வெட்டிக் கரி சுட்டுப் பிழைக்கிறவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள் என்பதால் ஒரேயடியாக ஒழி என்றும் சொல்ல முடியவில்லை. பெரியவரும் நானும் இதைப் பற்றி அரைகுறை இந்தியில் ஒரு மணி நேரம் பேசினோம். கூடார நகரத்தில் இப்படி ஒரு பேச்சுக்கு இடமே இல்லை.

ஹோட்காவின் குறை ஒன்று உண்டு. நாமாகக் கேட்டால்தான் எதுவும் நடக்கும். கூச்சப்பட்டு அறையிலேயே உட்கார்ந்திருந்தால் அது வெறும் மண் வீட்டு விடுதிதான்.

மூன்றாவது வழிதான் என் மனசுக்குப் பிடித்தது. புஜிலிருந்து அரை மணி நேரத்துக்குள் அஜ்ரக்பூர். அந்த ஊருக்கு வயது கால் நூற்றாண்டுதான். அஜ்ரக் எனப்படும் அச்சுத் துணி செய்யும் கத்ரி சமூகத்தார் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் சிந்துவிலிருந்து வந்து தமட்கா என்ற ஊரில் ஆற்றோரம் குடியேறினார்கள். ஆறு வற்றியது. நிலநடுக்கத்துக்குப் பிறகு நிலத்தடி நீரில் இரும்புச் சத்து கூடிவிட, சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. தண்ணீரைத் தேடி ஒரு பகுதியினர் இடம் பெயர்ந்து புது ஊரை அமைத்து, தொழிலின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் சிந்துவிலும் அஜ்ரக்தான் தோளில் போடும் கௌரவத் துணி. 1947இல் போட்ட கோடு நிலத்தைப் பிரித்தது, பூவேலைப்பாடு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் வகுப்பு என்றால் ஒரு சின்னத் துணியில் அச்சுப் போட்டு, ஒரு சாயத்தில் முக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது போதும். நான் மூன்று நாள் போனேன், அதிலேயே வேலையின் கால்வாசிதான் பிடிபட்டது. துணியை ஒட்டகச் சாணம், விளக்கெண்ணெய், சோடா கலவையில் ஊறவைத்து அலசுகிறார்கள். பிறகு கடுக்காய்த் தண்ணீரில் முக்கினால் இளமஞ்சள் ஏறும். சுண்ணாம்பும் பிசினும் கலந்த குழம்பை அச்சில் தொட்டுக் கோடு போடுகிறார்கள், கடைசியில் வெள்ளையாக நிற்கப் போவது அதுதான். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பீப்பாய்த் தண்ணீரில் வாரக்கணக்கில் புளிக்கவைத்து, புளியங்கொட்டை மாவால் கெட்டியாக்குகிறார்கள். மூடியைத் திறந்தால் பழைய சாராயமும் ஈர இரும்பும் சேர்ந்த நெடி. அந்தக் குழம்பு பழுப்பு நிறம். கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கண் முன்னாலேயே கறுக்கிறது. சிவப்பு இன்னும் வேடிக்கை. படிகாரத்தை அச்சிட்ட இடத்தில் நிறமே தெரியாது. நீலத் தொட்டியில் முக்கி, காயவைத்து, அலசி, மஞ்சிட்டியில் கொதிக்கவைத்த பிறகுதான் சிவப்பு வெளியே வரும். அதாவது அச்சுப் போடுகிறவர் தன் கண்ணுக்குத் தெரியாத நிறத்தை மனசில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்.

அச்சை வைத்து, முதுகில் உள்ளங்கையின் அடியால் ஒரு குத்து. அடுத்த அச்சின் மூலை முந்தையதின் மூலையில் மயிரிழை தப்பாமல் உட்கார வேண்டும். நான் போட்டதில் நான்காவது அச்சிலேயே இடைவெளி விழுந்துவிட்டது. "பென் (அக்கா), கை அவசரப்படுது. முதல்ல அச்சோட மூலையைப் பாருங்க, அப்புறம் குத்துங்க" என்றார் சொல்லிக்கொடுத்தவர். அவர் பக்கத்து மேசையில் ஆறு மீட்டர் துணியைப் பேசிக்கொண்டே முடித்துவிட்டார். கட்ச் அஜ்ரக்குக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் இயந்திரத்தில் அச்சான போலி எல்லாக் கடைவீதியிலும் தொங்குகிறது. ஒரு நாள் அந்த மேசையில் நின்றவர்கள் அப்புறம் ஏமாறமாட்டார்கள். துணியைத் திருப்பி, அச்சின் மூலைகளைப் பார்க்கத் தெரிந்துவிடும்.

அதே ஊரில் ஸ்ருஜன் அறக்கட்டளை 2016இல் திறந்த எல்.எல்.டி.சி. அருங்காட்சியகமும் இருக்கிறது. பூத்தையலை இனம் பிரித்துப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. அதைப் பார்த்துவிட்டு சும்ராசர் போய் 'சூஃப்' தையலைப் பாருங்கள். துணியின் பின்பக்கமிருந்து இழைகளை எண்ணி எண்ணி முக்கோணங்களாகத் தைக்கிறார்கள், படம் வரைந்துகொள்வதே இல்லை. இதைத் தைப்பவர்களில் பலருடைய குடும்பங்கள் 1971 போரின்போது சிந்துவின் தார்பார்க்கரிலிருந்து இந்தப் பக்கம் வந்தவை. எல்லை என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது அங்கேதான். ஒரு பெண்மணி தைத்துக்கொண்டே, தன் அம்மா பிறந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கையில் இருந்த ஊசியால் காட்டினார். நாடாபேட்டில் எல்லைப் படையின் அணிவகுப்பும் காட்சிக்கூடமும் நன்றாகவே அமைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த ஊசி காட்டியதை அதில் பார்க்க முடியாது.

ஜெய்சல்மேர் போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. மணல்மேடு, ஒட்டகச் சவாரி, கோட்டை வேண்டும் என்றால் அதுதான் சரி, கட்சில் அப்படிப்பட்ட மணல்மேடு கிடையாது. மாங்கணியார் பாடகர்களின் கமைச்சா என்ற நரம்பு வாத்தியத்தைக் கேட்கவும் அங்கேதான் போக வேண்டும். சம் மணல்மேட்டுக் கூடாரங்களின் ஒலிபெருக்கி ஆட்டத்தை விட்டுவிட்டு, அந்தப் பாடகர்களுடைய ஊரிலேயே உட்கார்ந்து கேட்க ஏற்பாடு செய்யுங்கள். கைத்தொழில் கற்க வேண்டும் என்றால் என் ஓட்டு கட்சுக்கே.

பெரியவர்களோடு முதல் முறை போகிறவர்கள் கூடார நகரத்தில் ஒரே ஒரு இரவு தங்குங்கள், போதும். ஐந்து நாள் இருந்தால் ஹோட்காவில் இரண்டு இரவு தங்கி அங்கிருந்தே உப்புப் பரப்பைப் பார்த்துவிடலாம். மீதி மூன்றும் புஜில். புஜோடி நெசவு, நிரோணாவின் ரோகன் ஓவியம், தோளாவிராவின் ஹரப்பா கால இடிபாடுகள் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஓட்டமாகப் பார்க்காமல் ஒரு பட்டறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே பேசி, நாள் கூலியும் துணிக் காசும் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், பேரம் வேண்டாம். வெள்ளிக்கிழமை தொழுகை நாள் என்பதால் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். திருநெல்வேலியிலிருந்து காந்திதாமுக்கு வாரம் ஒருமுறை ஹம்சஃபர் ரயில் இருக்கிறது, காந்திதாமிலிருந்து புஜ் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பழைய உடுப்பு இரண்டு எடுத்துப் போங்கள். நீலத்தொட்டியில் கைவிட்டால் நகக்கண்ணில் ஏறிய நிறம் ஊர் வந்து சேர்ந்தும் ஒரு வாரம் நிற்கும்.