பட்டையா, தெர்மாமீட்டரா? நாள் தவறும் உடம்புக்கு எது சரி

குழந்தை வேண்டும் என்று, ஆறு வருடம் சாப்பிட்ட கருத்தடை மாத்திரையைப் போன ஜனவரியில் நிறுத்தினேன். அடுத்த மாதவிடாய் 41 நாளில் வந்தது, அதற்கடுத்தது 53 நாளில். "நாள் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று ஊரிலிருந்து மாமியார் போனில் கேட்பார். தள்ளித்தான் போயிருக்கும், அவர் நினைக்கிற காரணத்தால் அல்ல.

கருமுட்டை வெளிவரும் நாளைக் கணிக்கும் கைப்பேசிச் செயலியைச் சீக்கிரமே விட்டுவிட்டேன். பழைய மாதங்களின் சராசரியை வைத்து நாள் குறிக்கிறது. என் கணக்குக்கு அது கிளி ஜோசியம். மிச்சம் இரண்டு: கார்டியன், வாட்சன்ஸ் மருந்துக் கடைகளில் கிடைக்கும் கருமுட்டைச் சோதனைப் பட்டை, இரண்டு தசமம் காட்டும் தெர்மாமீட்டர்.

பட்டை, முட்டையை வெளிவரத் தூண்டும் எல்எச் ஹார்மோன் சிறுநீரில் ஏறுவதைக் காட்டும். ஏறிய 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். முன்கூட்டியே தெரிவது நல்ல வசதிதான். 28 நாள்காரர்களுக்கு ஏழெட்டுப் பட்டை போதும். நானோ 11ஆம் நாள் தொடங்கி 38ஆம் நாள்வரை தினம் ஒன்று நனைத்தேன். கோடு விழுந்தாலும் முட்டை நிஜமாக வெளிவந்ததா என்பது பட்டைக்குத் தெரியாது. சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் பொய்க்கோடும் விழலாம் என்கிறார்கள். எனக்கு அது இல்லாததால் அனுபவித்துச் சொல்ல முடியவில்லை.

தெர்மாமீட்டரை ஒருமுறை வாங்கினால் போதும். விழித்ததும், கட்டிலை விட்டு இறங்குமுன் நாக்கடியில் வைக்க வேண்டும். முட்டை வெளிவந்தபின் உடல் சூடு 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறி அப்படியே நிற்கும். "எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லி என்ன புண்ணியம்?" என்றார் கணவர். நியாயமான கேள்வி. ஆனால் விந்தணு ஐந்து நாள்வரை உயிரோடிருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் தேதி பார்க்கவே வேண்டாம்.

என்னைத் தெர்மாமீட்டர் பக்கம் சாய்த்தது வேறு. முன்பெல்லாம் 30ஆம் நாள் தாண்டினாலே கர்ப்பச் சோதனைக் குச்சி வாங்கி ஓடுவேன். ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு குச்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு அழுகை. இப்போது சூடு ஏறவில்லையா? முட்டையே வரவில்லை, குச்சிக்கு வேலையில்லை. ஏறிவிட்டதா? சுமார் இரண்டு வாரத்தில் மாதவிடாய் வரவேண்டும். ஏறிய சூடு 18 நாளாகியும் இறங்காமல், மாதவிடாயும் வராமல் இருந்தால்தான் நாள் தள்ளிப் போனதாக அர்த்தம். எண்ண வேண்டியது போன மாதவிடாயிலிருந்து அல்ல, சூடு ஏறிய நாளிலிருந்து.

காய்ச்சல், இரவு விழிப்பு எல்லாம் கணக்கைக் கெடுக்கும். எனக்கு அலுவலக நேர வேலை. இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவருமா என்பது சந்தேகம்தான்.

மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாகியும் மாதவிடாயே வராவிட்டால் இரண்டையும் வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்றபின்னும், மற்றவர்கள் ஒரு வருடத்துக்குப் பின்னும் போக வேண்டும். நான் முன்னதாகவே பலதுறை மருந்தகம் போனேன். தைராய்டுக்கு ரத்தம் எடுத்த மருத்துவர், என் வெப்ப அட்டவணையை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

மிச்சப் பட்டைகளை அலுவலகத் தோழிக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு 28 நாள், கடிகாரம் மாதிரி.